முதல் வாரத்து அச்சம்

ஓபியாய்டு பழக்கத்துக்கு மருந்து கொடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் ஒன்றுகூடினால் பேச்சு பெரும்பாலும் முதல் நாளைப் பற்றியே இருக்கும். கடைசியாக எடுத்த போதைக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே எத்தனை மணி நேரம் போகவேண்டும், எத்தனை மில்லிகிராமில் தொடங்குவது, ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்றெல்லாம் பேசுவோம். பயிற்சி வகுப்புகளும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகின்றன. தேவையான பாடம்தான். ஆனால் நோயாளி சிகிச்சையை விட்டுப் போவது பெரும்பாலும் முதல் நாளில் இல்லை. மூன்றாம் வாரத்திலோ இரண்டாம் மாதத்திலோ போகிறார். அப்படிப் போனவருடைய சிகிச்சைச் சீட்டைப் புரட்டினால், முதல் வாரத்தில் எழுதிய அதே அளவு, பல சமயம் 2 அல்லது 4 மி.கி. புப்ரினார்பின், மாற்றமில்லாமல் நீண்டுகொண்டே போயிருக்கும். ஓரத்தில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று ஒரு குறிப்பும் இருக்கும். இந்தக் குறிப்பை எழுதும் பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை. தொடக்க நாட்களில் வேண்டிய எச்சரிக்கை, மருந்தின் இயல்பிலிருந்து வருகிறது. அதற்குப் பிறகும் அளவை ஏற்றத் தயங்குவதற்கு மருந்தில் காரணம் கிடையாது. சட்டத்தின் மேலுள்ள பயத்திலும், நோயாளியின் மேலுள்ள சந்தேகத்திலும், குறைவாகக் கொடுப்பதுதான் நல்ல வைத்தியம் என்ற பழைய எண்ணத்திலும் அதன் வேர் இருக்கிறது.

முதல் நாள் ஏன் நுட்பமானது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஹெராயின், மார்ஃபின், டிரமடால், டாபென்டடால் எல்லாமே மூளையில் மியூ என்ற ஏற்பியில் ஒட்டி வேலை செய்பவை. புப்ரினார்பினும் அங்கேதான் போகிறது. ஆனால் மற்றவற்றைவிட இறுக்கமாகப் பிடிக்கும். பிடித்த பிறகு ஏற்பியை முழு வேகத்தில் இயக்காமல் ஓரளவோடு நின்றுவிடும். அந்த 'ஓரளவு'தான் இந்த மருந்தின் பாதுகாப்பு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் கொடுத்தாலும் மூச்சை அமுக்கும் விளைவு கூடிக்கொண்டே போவதில்லை. அதே குணம் தொடக்கத்தில் எதிராகத் திரும்பும். உடம்பில் இன்னும் ஹெராயின் இருக்கும்போது முதல் மாத்திரையை வைத்தால், ஏற்பியில் இருந்ததை விலக்கிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். முழுதாக இயங்கிக்கொண்டிருந்த ஏற்பி சட்டென்று பாதியில் நிற்கும். கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, வயிற்றுப் பிசைவு, வாந்தி, எலும்புக்குள் குடைச்சல் என்று இரண்டு நாளில் மெல்ல ஏறவேண்டியதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் ஒன்றாக வந்து இறங்கும். இதனால் உயிர் போவது அரிது. மருந்தின் மேலிருந்த நம்பிக்கை போய்விடும், அவருடையது மட்டுமல்ல, அவருடைய கூட்டாளிகளுடையதும்.

ஆகவே காத்திருக்கிறோம். ஹெராயின், பிரவுன் சுகர் போன்றவற்றுக்குக் குறைந்தது 12 மணி நேரம். நீண்ட நேரம் நிற்கும் மருந்துகளுக்கு ஒரு நாள். இதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான மெத்தடோனை எடுப்பவர் என்றால் அதை 30 மி.கி.க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு ஒன்றிலிருந்து மூன்று நாள். தமிழ்நாட்டில் இன்று இளைஞர்கள் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் டாபென்டடால் சீக்கிரம் இறங்கும் வகை. 12 மணி நேரக் கணக்கே போதும். ஆனாலும் கடிகாரத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. நோயாளி சொல்லும் நேரம் அவருடைய தவிப்புக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகரும். 'கவ்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அளவுகோல் நாடித்துடிப்பு, வியர்வை, கண்பாவை, புல்லரிப்பு, கைநடுக்கம், கொட்டாவி என 11 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு 48க்குள் கூட்டுகிறது. 12ஐத் தாண்டினால் துணிந்து தொடங்கலாம். சில மையங்கள் 8லேயே தொடங்குகின்றன. இதில் கண்பாவையும் புல்லரிப்பும்தான் என் கணக்கில் கனமானவை. கொட்டாவியை நடிக்க முடியும், விரிந்த கண்பாவையை நடிக்க முடியாது. நாக்குக்கு அடியில் 2 மி.கி. வைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்து, குறையாவிட்டால் மறுபடி கொடுத்து, முதல் நாளை 8 மி.கி. அளவில் முடிப்பது வழக்கமான பாதை. மாத்திரை கரைய ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அதுவரை பேசவும் கூடாது, எச்சிலை விழுங்கவும் கூடாது. விழுங்கியதை ஈரல் பெரும்பாலும் அழித்துவிடும். வாய் வறண்டிருந்தால் முன்னதாக ஒரு மடக்குத் தண்ணீர். இவ்வளவுதான் வித்தை. அமெரிக்காவில் ஃபென்டனில் வந்தபின் இந்தக் கணக்கு கலைந்தது. கொழுப்பில் தங்கி மெல்லக் கசியும் அந்தப் பொருளோடு, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து வந்த முறைப்படி மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் பல நாள் ஏற்றுகிறார்கள். இல்லையென்றால் அவசரப் பிரிவில் ஒரேயடியாகப் பெரிய அளவைக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலோருக்கு அந்தத் தலைவலி இன்னும் வரவில்லை.

மெத்தடோனில் ஆபத்து நேர்மாறானது. அது ஏற்பியை முழுதாக இயக்கும் மருந்து, உச்சவரம்பு கிடையாது. உடம்பில் ஒரு நாள், ஒன்றரை நாள் தங்குவதால் நேற்றைய அளவின் மேல் இன்றைய அளவு ஏறி, நாலைந்து நாளில்தான் நிலைக்கு வரும். திங்கட்கிழமை 'ஒன்றும் தெரியவில்லை' என்றவர் வியாழக்கிழமை தூக்கத்திலேயே மூச்சு நின்று போகக்கூடும். அதனால்தான் முதல் நாள் 30 மி.கி.க்குள் தொடங்கி, நாட்கணக்கில் இடைவெளி விட்டு ஏற்றுகிறார்கள். லூயிஸ் சோர்டோவும் கூட்டாளிகளும் 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மெத்தடோன் தொடங்கிய முதல் நான்கு வாரங்களில் சாவு விகிதம் பின்னாளைவிடக் கூடுதலாக இருந்தது. புப்ரினார்பினில் அப்படித் தெரியவில்லை. ஆக, தொடக்கத்தில் பயப்படுவது கோழைத்தனமில்லை. ஒரு மருந்தில் அவசரப்பட்டால் நோயாளி ஓடிப்போவார், மற்றதில் செத்துப்போவார். இதில் எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. புப்ரினார்பின் எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு ஏற்பி நிரம்பும் என்பதை மூளையைப் படமெடுத்தே பார்த்திருக்கிறார்கள். மார்க் கிரீன்வால்டின் குழு 2003இல் வெளியிட்ட கணக்குப்படி 2 மி.கி. ஏறத்தாழ 41 சதவீத ஏற்பிகளை நிரப்புகிறது, 16 மி.கி. 80 சதவீதத்தை, 32 மி.கி. 84 சதவீதத்தை. உடம்புத் தவிப்பு அடங்க ஏறத்தாழப் பாதி நிரம்பினாலே போதும். ஆனால் மேலே ஹெராயினை ஏற்றிக்கொண்டாலும் போதை ஏறாமல் தடுக்க 80ஐ எட்ட வேண்டும். இந்த இடைவெளியில்தான் நம் நோயாளிகள் பலர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். 4 மி.கி.யில் மூக்கொழுகல் நின்றுவிடுகிறது, கால் குடைச்சல் நின்றுவிடுகிறது; பார்க்கும் மருத்துவருக்குத் திருப்தி. நோயாளிக்கோ சாயங்காலம் ஆனால் மனம் அலைகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் பிடிப்பதில்லை. ஊதியம் வந்த நாளில் ஒரு முறை போட்டுப் பார்க்கிறார். போதை நன்றாகவே ஏறுகிறது. ஏறினால் மறுபடி போடாமல் யார் இருப்பார்கள்? இதை மன உறுதிக் குறைவு என்று எழுதிவைப்பது கணக்கைப் பார்க்காத கணக்கு. தவிப்பு நின்றதா என்பதோடு, மருந்து அடுத்த வேளை வரை நிற்கிறதா, நடுவே போட்டபோது ஏறியதா என்றும் கேட்க வேண்டும். பின்னிரண்டு கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைக்கும் வரை அளவு முடிவாகவில்லை என்று அர்த்தம்.

நம் நாட்டில் இந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1966இல் இந்த மருந்தை உருவாக்கியது, டெட்டாலுக்குப் பேர்போன ரெக்கிட் அண்ட் கோல்மன் நிறுவனத்தில் ஜான் லூயிஸின் குழு. அவர்கள் தேடியது பழக்கப்படுத்தாத வலிமருந்தை. அதைப் போதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று டொனால்ட் ஜசின்ஸ்கி சொன்னது 1978இல். இந்தியாவில் அது வலிநிவாரணியாக நுழைந்தபோது மாத்திரையின் வீரியம் 0.2 மி.கி. போதைச் சிகிச்சையும் அந்தச் சின்ன மாத்திரையில்தான் தொடங்கியது. அந்த அளவில் பழகிய கைக்கு 2 மி.கி.யே பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. போதாததற்குப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் மருந்தும் இருக்கிறது. ஆய்வாளர் வந்து பதிவேட்டைக் கேட்டால் 16 மி.கி.க்கு விளக்கம் சொல்ல வேண்டுமே என்ற கவலை மருத்துவருக்கு. 'நம்மவர்களுக்குக் குறைந்த அளவே போதும். எடை குறைவு, இங்கே கிடைக்கும் சரக்கும் மட்டம்' என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். இதில் பாதி உண்மை. இந்திய நோயாளிகளில் கணிசமானவர்கள் 6, 8 மி.கி.யில் நன்றாகவே இருக்கிறார்கள்; அவர்களுக்கு 24 எழுதச் சொல்லி நான் வாதாடவில்லை. ஒருவருக்குப் போதுமான அளவை எல்லாருக்குமான உச்சவரம்பாக்குவதைத்தான் மறுக்கிறேன். அமெரிக்க மருந்து ஆணையமே 2024 டிசம்பரில், மருந்துக் குறிப்பேட்டிலுள்ள 16, 24 என்ற எண்களை மேல்வரம்பாகப் படிக்கக்கூடாது என்று வாசகத்தைத் திருத்தப் பரிந்துரைத்தது. ஃபென்டனில் காலத்து முடிவு அது, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எண்ணைப் பார்த்து வைத்தியம் செய்யாதே என்ற தத்துவம் பொருந்தும்.

குறைந்த அளவு என்பது வெறும் இந்திய நோயல்ல. வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் 1960களில் நியூயார்க்கில் மெத்தடோன் சிகிச்சையை உருவாக்கியபோது 80 முதல் 120 மி.கி. வரை கொடுத்தார்கள், 22 பேரைப் பற்றிய அவர்களுடைய அறிக்கை 1965இல் வந்தது. கால் நூற்றாண்டுக்குள் அமெரிக்காவே அதை மறந்துவிட்டது. 1988இல் அங்கே மெத்தடோன் எடுத்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு 60 மி.கி.க்கும் குறைவாகவே கிடைத்தது. 2000இல் அது 36 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. எரிக் ஸ்ட்ரெய்ன் 1999இல் வெளியிட்ட ஆய்வு 40-50 மி.கி.யையும் 80-100 மி.கி.யையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டது. சிறுநீரில் ஓபியாய்டு தென்பட்டது முந்தைய குழுவில் 62 சதவீதம், பிந்தையதில் 53. வேறுபாடு பிரம்மாண்டம் அல்ல, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதிக அளவு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காட்டும் ஆய்வு எதுவும் இல்லை. வீடு, வேலை, சேர்க்கை எதையும் மில்லிகிராம் மாற்றாது. ஆனால் வீட்டையும் வேலையையும் மாற்றும் அதிகாரம் மருத்துவரிடம் இல்லை. மில்லிகிராம் அவர் கையில் இருக்கிறது. கையில் இருப்பதைச் சரியாகச் செய்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

அளவு போதவில்லை என்றால் உடனே ஏற்றிவிடுவதும் சரியல்ல. ஏன் போதவில்லை என்று பார்க்க வேண்டும். சிலர் மாத்திரையைக் கரைய விடாமல் விழுங்குகிறார்கள். சிலர் வீட்டில் பாதியைத் தம்பிக்குக் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் கட்டாயம் கேட்க வேண்டியது காசநோய் மருந்து. ரிஃபாம்பிசின் ஈரலின் வேகத்தைக் கூட்டி மெத்தடோனையும் புப்ரினார்பினையும் சீக்கிரம் அழித்துவிடும். நன்றாக இருந்தவர் காசநோய்ச் சிகிச்சை தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் தவிக்கத் தொடங்குவார். எச்.ஐ.வி. மருந்துகளில் எஃபாவிரென்ஸும் மெத்தடோனை இப்படித்தான் இறக்கும். காசநோய்ப் பிரிவும் போதைச் சிகிச்சைப் பிரிவும் தனித்தனிக் கட்டடத்தில் இருக்கும் மருத்துவமனையில் இந்த நோயாளி மறுபடி போதைக்குப் போனால், காரணத்தை யாரும் மருந்துச் சீட்டில் தேடமாட்டார்கள். காசநோய் மருந்து முடியும்போது உயர்த்திய அளவை, குறிப்பாக மெத்தடோனை, இறக்க மறந்தால் அதுவும் ஆபத்து. கர்ப்ப காலத்தில் உடம்பு மருந்தை வேகமாகக் கழிக்கும். அளவைக் கூட்டுவதோடு இரண்டு மூன்று வேளையாகப் பிரிக்கவும் வேண்டிவரும்.

இனி, வாதத்தின் அடிமடியிலேயே கைவைக்கும் ஆட்சேபம்: 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையைக் கொடுத்துவிட்டு, அதையும் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.' உடம்பு இந்த மருந்துக்கும் பழகிவிடும் என்பது உண்மை. நிறுத்தினால் தவிப்பு வரும். ஆனால் பழகிய உடம்பும், ஊசியைத் தேடி ஓடும் வாழ்க்கையும் ஒன்றல்ல. எதை வைத்து ஒன்றல்ல என்கிறேன்? சாவை வைத்து. சோர்டோவின் அதே கட்டுரையில், மெத்தடோனில் இருந்த காலத்தில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 11.3 சாவுகள், விட்டுவிட்ட காலத்தில் 36.1. புப்ரினார்பினில் 4.3, விட்டபின் 9.5. மருந்தில் நிலைப்பவர்கள் இயல்பிலேயே நிதானமானவர்கள், அதனால் வந்த வேறுபாடு இது என்று ஒருவர் வாதாடலாம், நியாயமான சந்தேகம்தான். அதற்கு விடை ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. யோஹான் கக்கோவின் குழு 40 பேரைக் குலுக்கிப் பிரித்தது. 20 பேருக்கு ஓராண்டு முழுக்கத் தினம் 16 மி.கி. மற்ற 20 பேருக்கு ஆறு நாள் குறைத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு வெறும் மாத்திரை. ஆலோசனையும் கவனிப்பும் இரு பக்கமும் ஒன்றே. ஆண்டு முடிவில் முதல் குழுவில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாவதில் ஒருவரும் இல்லை, நான்கு பேர் இறந்திருந்தார்கள். 2003இல் லான்செட்டில் வந்தது. மிகச் சிறிய ஆய்வு. ஆனால் மலேசியாவின் மூவாரில் 126 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்விலும் புப்ரினார்பின்தான் முன்னே நின்றது. இதற்குப் பிறகும் பத்து நாள் உள்ளே வைத்துச் 'சுத்தம்' செய்து அனுப்புவதை முழுச் சிகிச்சை என்று விற்பவர்கள், வெளியே போனவருக்கு என்ன ஆனது என்ற கணக்கையும் காட்ட வேண்டும்.

இன்னொரு ஆட்சேபத்தை லேசாகத் தள்ள முடியாது: மருந்து சந்தைக்குப் போகிறது என்பது. 1990களில் சென்னையிலும் டெல்லியிலும் புப்ரினார்பின் ஊசியே போதைப்பொருளாக ஓடியது. அதன் வழியே எச்.ஐ.வி.யும் பரவியது. அந்தக் காலத்தைப் பார்த்தவர்களின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். கண்ணெதிரே மாத்திரையைக் கரைக்க வைக்கும் முறையும், ஊசியில் ஏற்றினால் தவிப்பைக் கிளப்பும் நலாக்சோன் சேர்த்த மாத்திரையும் வந்தது அதனால்தான். ஆனால் அளவைக் குறைப்பது இதற்குத் தீர்வாகாது. அளவு போதாதவர்தான் தெருவில் மீதியைத் தேடுகிறார். விற்கப்படும் மாத்திரையை வாங்குபவர்களில் பலரும் சிகிச்சைக்கு இடம் கிடைக்காதவர்கள், தவிப்பைத் தணிக்க வாங்குபவர்கள். பஞ்சாப் 2017இல் வெளிநோயாளி மையங்களைத் திறந்து, 2020 பொதுமுடக்கத்தில் பல நாள் மருந்தை வீட்டுக்கே கொடுத்தது. அமெரிக்காவும் அதே ஆண்டு மெத்தடோனை 28 நாள் வரை கையில் கொடுக்க அனுமதித்தது; மிகையளவுச் சாவுகளில் மெத்தடோன் சம்பந்தப்பட்டவற்றின் பங்கு 2019இல் 4.5 சதவீதமாக இருந்து 2021இல் 3.2 ஆனது. ஃபென்டனில் சாவுகள் பெருகியதால் பங்கு தானாகவே சுருங்கியிருக்கும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும், பயந்த வெள்ளம் வரவில்லை. ஒருவர் விற்கிறார் என்று தெரிந்தால் அவரை மேற்பார்வைக்குத் திருப்பலாம். நாக்கடியில் கரைப்பதைப் பார்க்கலாம். விற்காத ஒன்பது பேருடைய அளவை அதற்காக அறுக்கத் தேவையில்லை.

குடும்பத்தாரின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எப்போது நிறுத்துவீர்கள்? சில சமயம் இரண்டாம் வாரத்திலேயே கேட்கிறார்கள். மகன் தெளிவாக இருப்பதைப் பார்த்து, இனி மருந்து எதற்கு என்று. தெளிவுக்குக் காரணமே மருந்துதான் என்பதை விளக்க நேரம் எடுக்க வேண்டும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கும் மருத்துவர் 'படிப்படியாகக் குறைத்துவிடலாம்' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். ரோஜர் வைஸ் தலைமையில் 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு, வலிமாத்திரைப் பழக்கம் உள்ள 653 பேரை எடுத்துக்கொண்டது. ஹெராயின் ஊசிக்காரர்களைவிட நிலை மேலானவர்கள். குறுகிய காலம் கொடுத்துக் குறைத்தபோது 6.6 சதவீதம் பேரே தேறினார்கள். அடுத்துப் பன்னிரண்டு வாரம் மருந்தில் வைத்தபோது ஏறத்தாழப் பாதிப்பேர். அதன் பின் நிறுத்தி எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடி 8.6. நிறுத்தவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. வேலையும் தூக்கமும் நிலைத்து, ஓராண்டுக்கு மேல் எந்தப் போதையும் இல்லாமல், நோயாளியே தன் வாயால் கேட்டால் குறைக்கலாம். தந்தை கேட்கிறார் என்பதற்காகவோ மருந்து இருப்பு தீர்கிறது என்பதற்காகவோ கூடாது. மாதம் 2 மி.கி.க்கு மேல் இறக்காமல், தேட்டம் தலைகாட்டினால் பழைய அளவுக்கே திரும்பி, அவசரமில்லாமல் போக வேண்டும். 8இலிருந்து 6 எளிது. 2இலிருந்து பூஜ்யம்தான் மலைப்பானது, அங்கேதான் ஏற்பிகள் வேகமாகக் காலியாகும். தொடக்கச் சிகிச்சைக்குப் போதாத 0.4, 0.2 மி.கி. மாத்திரைகள் உண்மையிலேயே பயன்படுவது இந்தக் கடைசிப் படிகளில். நிறுத்தியவரிடமும் அவர் வீட்டாரிடமும் ஒன்றைச் சொல்லி, புரிந்ததா என்று திருப்பிச் சொல்லவும் வைக்க வேண்டும்: உடம்பின் பழைய தாங்குதிறன் போய்விட்டது; முன்பு போட்ட அதே அளவை இப்போது போட்டால் மூச்சு நின்றுவிடும்; தேட்டம் வந்தால் முன்பதிவுச் சீட்டு இல்லாமலே அன்றைக்கே மையத்துக்கு வரலாம்.